அண்ணன் தம்பி செட்டு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியண்ணன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சின்னண்ணன் தவிலை நிறுத்திவிட்டார். பால்குடம் சுமந்து வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தலையையும் ஆட்டிக்கொண்டு, ஒத்து ஊதியபடியே அந்தத் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டேன். ஒரு கழுநீர்த் தொட்டியில் முழங்கால் இடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். எதிரே ஒரு எருமை மாடு மட்டும் என் கச்சேரியைக் கேட்டுக்கொண்டு நின்றது. அதுவும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

ஒத்து என்பது பார்வைக்கு நாயனம் மாதிரியே நீளமாக இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுருதி. மூக்கால் இழுத்த காற்றைக் கன்னத்தில் நிறுத்தி, அறுபடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக ஊதினால் அப்படி ஒருத்தன் நிற்பதே யாருக்கும் தெரியாது. அந்த வகையில் நான் மகாவித்துவான்.

திரும்பி நடந்து வந்தபோது கூட்டத்தில் ஒருத்தன், "மாப்ள, ஒத்துக்காரரு ஊர் சுத்திப் பாத்துட்டு வந்துட்டாருடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் வேப்பமரத்தடியில் பெரியண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் முகத்தின் இடது பாதி கழன்று தொங்குவது போல இருந்தது. அந்தப் பக்கத்துக் கண் மூடவில்லை. யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தது பாதி வாயோரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. சின்னண்ணன் தவிலைக் கழற்றாமலே பக்கத்தில் குந்தியிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. அன்று கோயிலில் போட்ட புளியோதரையை வயிறு முட்டத் தின்றேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைத் தவிர அன்றைக்கு நடந்த வேறெதுவும் சரியாக ஞாபகம் இல்லை.

எங்கள் அப்பா ஊர் ஊராகத் தவில் அடித்தவர், எல்லாம் மற்றவர்களுடைய செட்டில். கடைசியில் நின்று அடிப்பார், கடைசியில் சாப்பிடுவார். அவர் போன பிறகு பெரியண்ணன் எங்களையே சேர்த்து ஒரு நையாண்டி மேளம் கட்டினார். நாயனம் அவர், தவில் சின்னண்ணன், ஒத்து நான். பம்பைக்கும் தாளத்துக்கும் சித்தப்பா மக்கள். வெளியாள் ஒருத்தனும் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அக்கா சின்ன வயதிலேயே தாலி இழந்து வீட்டோடு வந்துவிட்டதால், மேளத்துக்குச் சம்மதம் சொல்லிச் செட்டுக்கு வெற்றிலை வாங்கும் வேலை அவளுடையது. திருவிழாவுக்கு மேளம் பேச வருகிறவர்கள் கோச்சடையில் எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். அப்போது கோச்சடை ஊருக்கு வெளியே. வாசலில் நின்றால் வயலைத் தாண்டி வைகை மணல் தெரியும். அக்கா கதவோரம் நின்று நாலு கேள்வி கேட்டு வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு போகாமல் இருக்கச் சாவு ஒன்றுதான் காரணமாக முடியும். அதுவும் எங்கள் வீட்டுச் சாவாக இருக்க வேண்டும்.

நல்ல பெயர் எடுத்தோம். எங்களை எடுத்தால் கரகக்காரர்களுக்குக் கால் தானாக ஆடும் என்று மேற்கே உசிலம்பட்டி வரைக்கும் பேச்சு. கிராமபோன் தட்டில்கூட வாசித்திருக்கிறோம். டவுனில் ஒரு லாட்ஜ் அறையில் சன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒத்துச் சத்தம் மற்றதையெல்லாம் அமுக்குகிறது என்று என்னை முதலில் மூலைக்கு அனுப்பினார்கள், பிறகு கதவுக்கு வெளியே, பிறகு வராந்தாக் கோடிக்கு. கடைசியில் நான் மாடிப்படியில் நின்று ஊதினேன். தட்டு வந்தபோது டீக்கடைக்காரர் போட்டுக் காட்டினார். அதில் என்னைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். பெரியண்ணன் மட்டும், "கேக்குதுடா, உள்ளுக்குள்ள இருக்கு" என்றார்.

அந்தப் பெரியண்ணன்தான் இப்போது வாய் கோணிக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வைத்தியர் வந்து தைலம் கொடுத்தார். புறாக்கறி நல்லது என்றார். நான் கோபுரத்துப் புறாவுக்குப் பொரியைத் தூவிக் கூடையோடு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். பொரி தீர்ந்தது, கோயில் காவல்காரரிடம் ஏச்சும் வாங்கினேன். பிறகு சந்தையில் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து, பிடித்ததாக அக்காவிடம் சொன்னேன். "கால்ல சந்தைக்காரன் கட்டுன நூலு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

தினமும் விடிந்ததும் பெரியண்ணன் சீவாளியை நனைத்து உதட்டில் வைத்துப் பார்ப்பார். நாயனத்தின் உயிரே அந்த நாணல் துண்டுதான்; உதடு அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். காற்று இடது ஓரத்தில் புஸ்ஸென்று போய்விடும். கன்னத்தைக் கிள்ளினால் உறைக்கவில்லை என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது.  வீட்டில் எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டோம், வேளைக்குத் தூங்கினோம்.

வைகாசி வந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு ஊரில் கோயில் பொங்கல். எங்கள் செட்டு முதன்முதலில் வாசித்த ஊர் அது. அக்கா தை மாதமே வெற்றிலை வாங்கியிருந்தாள்.

திண்டுக்கல் பக்கம் நாயனக்காரர் ஒருவர் சும்மா இருக்கிறார், இந்த ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சின்னண்ணன் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"தாம்பூலத்தை அந்தாளுல்ல வாங்குவாரு" என்றாள் அக்கா. "அப்ப அண்ணன் எங்க நிப்பாரு?"

 எங்கள் பக்கத்து வழக்கம் அது. மேளம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் தாம்பூலத் தட்டை நாயனக்காரர் கையில்தான் கொடுப்பார். தட்டு யார் கைக்குப் போகிறதோ அவர் பெயரில்தான் அந்தச் செட்டு. அப்பா சாகும் வரை அந்தத் தட்டைத் தொட்டதில்லை. பெரியண்ணன் முதன்முதலில் அதைக் கையில் வாங்கியது இதே ஊரில்தான்.

கட்டிலில் படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. எழுந்து வந்து தன் நாயனத்தை எடுத்து என் மடியில் வைத்தார். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இத்தனை வருஷம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றவன் என்பதால் அவர் வாசிப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். மூச்சுக்கும் குறைவில்லை. ஆற்று மணலில் போய்ப் பழகினேன். விரல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. வந்த சத்தத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. ஊற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "ஆடு எதுவும் முள்ளுல மாட்டிக்கிச்சாண்ணே?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டது நான்தான் என்றேன்.

அடுத்து, ஒத்துக்கு யார் என்ற கேள்வி வந்தது. சித்தப்பா மகன் ஒருவனைப் பழக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் என் ஒத்தை எடுத்தார். வாயில் வைத்தார். வலது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, இடது உள்ளங்கையால் மரத்துப்போன கன்னத்தையும் உதட்டோரத்தையும் சேர்த்து அழுத்தினார். நாயனத்துக்கு இரண்டு கையும் வேண்டும். ஒத்துக்கு ஒரு கை போதும். இன்னொரு கை வாயை மூடிப் பிடிக்கலாம். சுருதி வந்தது. கொஞ்சம் நடுங்கியது, பிறகு நின்றுவிட்டது, மறுபடியும் வந்தது. கன்னம் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்தது. அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

புறப்படும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தட்டு வந்தா நீ கை நீட்டாத. அண்ணன்கிட்டக் கொடுக்கச் சொல்லு" என்றாள். சரி என்றேன்.

முளைப்பாரி ஊர்வலம் வெயில் தாழப் புறப்பட்டது. நான் முன்னால் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒத்து கேட்டது. எத்தனையோ வருஷமாக என் காதுக்குள்ளேயே இருந்த சத்தம் அது. வெளியிலிருந்து வந்தபோது யாருடையதோ போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவிதமாக வாசித்தேன் என்று சொல்ல ஆசைதான். கும்மிக்கு அண்ணன் இழைத்து இழைத்து வாசிக்கும் இடத்தில் நான் தப்பித்தால் போதுமென்று ஓடினேன். சின்னண்ணன் தவிலால் என் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு வந்தார். பெண்கள் என்னவோ அடி தப்பாமல் சுற்றிவந்தார்கள்.

வயதான ஒருவர் சின்னண்ணன் பக்கமாக வந்து பெரிய நாயனக்காரர் எங்கே என்று கேட்டார். சின்னண்ணன் தவில் குச்சியால் பின்னால் காட்டினார். அவர் பார்த்தார். ஒதுங்கிப் போய் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்து முடித்ததும் மேளம் நின்றது. கோயில் முன்பு ஊர்ப் பெரியவர் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மடித்த துண்டு. நேராக என்னிடம் வந்தார். நான் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை நீட்டாமல் நின்றேன். நான் இரவல் வாய்தான், செட்டுக்காரர் பின்னால் நிற்கிறார் என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். பெரியவர் சிரிக்கவில்லை.

"நாயனத்துக்குக் கொடுக்கறதுதானப்பா வழக்கம்" என்றார். "நீங்க ஆளுக்கொரு பக்கமா நின்னா நான் யாருகிட்டக் கொடுக்க?"

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியண்ணனிடம் போனேன். அவர் அப்போதுதான் ஒத்தை வாயிலிருந்து எடுத்திருந்தார். கன்னத்தில் அவருடைய விரல்களே பதிந்து சிவந்திருந்தன. அவருக்கு அது தெரிந்திருக்காது. தட்டு எங்களுக்கு எதிரே காத்திருந்தது. ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே" என்றேன். "எப்பவும் போல நீங்களே வாங்கிக்கங்க."

அவர் தட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த நாயனத்தைப் பார்த்தார். துண்டு முனையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாசிச்சவன் நீ, வாங்கு" என்றார்.