ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற இங்கிலீஷ்

மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனி வரைக்கும், கம்பெனி பஸ்தான் என் வகுப்பறை. போனைப் பார்த்து தினமும் கொஞ்சம் கடினமான ஆங்கில வார்த்தைகள் படிப்பேன். சும்மா மனப்பாடம் செய்தால் எனக்கு நிற்காது, யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். 'மெட்டிக்குலஸ்' என்றால், ஒரு தையல் கோணினாலும் ஷூவைத் திருப்பி அனுப்பும் செக்கிங் அக்கா. 'ஆப்ஸ்டினேட்' என்றால் பிடித்த பிடியை விடாத எங்கள் மேனேஜர், வேறு யார்? பக்கத்து சீட்டில் வரும் தையல் செக்‌ஷன் அக்கா, "என் தலையில இன்னாடி கட்டி வெச்சிருக்க?" என்று கேட்பார். சொல்லமாட்டேன்.

எல்லாம் ஒரு தேர்வுக்காக. அதில் தேறினால்தான் வெளிநாட்டு வேலை, இந்தப் பசை நாற்றத்திலிருந்து விடுதலை. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் எழுத இடம் கிடைத்திருந்தது.

அந்த வாரம் பார்த்து, சரக்கு தாமதம், ஆர்டரை ரத்து செய்கிறேன் என்று எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் மெயில் போட்டார். பதில் எழுதுவது என் வேலை.

"நல்லா கெத்தா போடும்மா, ஆளு அசந்துடணும். திங்கக்கெழம சரக்கு கெளம்பிடும்னு சொல்லிடு" என்றார் மேனேஜர்.

போட்டேன். பஸ்ஸில் சேர்த்ததையெல்லாம் அதில் இறக்கினேன். பையர் குளிர்ந்துபோய், கூடவே இன்னொரு ஆர்டரும் கொடுத்தார். மறுநாளே போர்டில் ஒட்டிவிட்டார்கள்: ஞாயிறு ஃபுல் ஒர்க்கிங்.

"சார், அன்னிக்கு எனக்கு பரீட்சை."

"உன் மெயில பாத்துதாம்மா ஒத்துக்கினான். பேக்கிங் போட்டோ அனுப்பச் சொல்றான், நீ இல்லாம யாரு பதில் போடுவா? பரீட்சை எங்க ஓடிப்போவுது?"

வயிறு எரிந்தது. வேலையை உதறினால் வீட்டில் அடுப்பு எரியாது. "சரி சார்" என்றேன். அத்தனை வார்த்தை சேர்த்தவளுக்கு அது மட்டும்தான் வாயில் வந்தது.

ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகவேண்டிய தையல் அக்காவும் பஸ்ஸில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். "உன் இங்கிலீஷு எங்க ஞாயித்துக்கெழமைய துன்னுடுச்சுடி."

"என்னுதையும்தான்க்கா."

தேர்வு தொடங்கும் நேரத்தில், பையருக்கு நன்றி மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று படித்த மேனேஜர் என் தோள் பக்கம் குனிந்தார்.

"சூப்பர்மா! இந்த மாதிரி எழுத நம்ம கம்பெனியில வேற ஆளே இல்ல. உன்ன எங்கயும் விடமாட்டேன்."