வாத்தி லாத்தாவின் ஊர் மண்டபம்

எங்கள் வீட்டுத் தொலைபேசியின் ரிசீவரில் அந்த வருஷம் முழுக்கக் கிராம்பு வாசனை அடித்தது. பக்கத்து பங்களாவில் வேலை பார்த்த இந்தோனேசியப் பெண்ணொருவர், பல்வலிக்காகக் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து ஊருக்குப் பேசுவார். அவர் விட்டுப்போன வாசனை அது. குவைத்தின் ஃபஹாஹீலில், அந்த பங்களாவின் சமையலறைக் கதவும் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டும் ஒரே பின்சந்தில்தான் திறக்கும். எனக்கு அப்போது பதினொரு வயது. வாப்பா கடைத்தெருவில் சின்னதாக ஒரு "பக்காலா", அதாவது மளிகைக்கடை, வைத்திருந்தார்.

அவர் பெயர் வாத்தி. முதல்முறை கேட்டபோது நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பள்ளிக்கூடத்து வாத்தியாரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். உம்மா அதட்டி, "லாத்தான்னு கூப்பிடு" என்றார். கீழக்கரைப் பக்கம் அக்காவை அப்படித்தான் அழைப்போம். வாத்தி லாத்தா பேசியது வீட்டு வேலையில் பொறுக்கிய அரபி. உம்மா பேசியது கலப்பில்லாத தமிழ். எப்படியோ இரண்டு பேருக்கும் எல்லாமும் புரிந்தது. வந்த ஒரு வருஷத்தில் "இருக்கு", "போச்சு", "சாப்ட்டியா" எல்லாம் அவர் வாயில் சரளமாக வந்தன.

ஊரைப் பற்றிப் பேசினால் அவர் வீடுகளைச் சொல்லமாட்டார், மண்டபங்களைத்தான் சொல்வார். யோக்யகர்த்தாவை "ஜோக்ஜா" என்பார். அங்கே பெரிய பள்ளிவாசல் முற்றத்தில், நபிகள் பிறந்த மாதத்தில் வெண்கல வாத்தியங்களை வைத்து நாள்கணக்கில் வாசிப்பார்களாம். டச்சுக்காரர்கள் கூடிக் குடித்த வெள்ளைத்தூண் கட்டடம் இப்போது நாடகக் கொட்டகையாம். பள்ளிவாசலில் தொழுகிற பிள்ளைகளே அங்கே ராமாயணத்தில் சீதையும் அனுமனுமாக ஆடுவார்களாம். உம்மா வியந்துபோய், "நம்ம ஊரு தர்கா கந்தூரிக்கு எல்லாச் சனமும் வாரதில்லையா, அது மாதிரித்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் லாத்தாவின் மண்டபம் இவற்றில் எதுவும் இல்லை. அது நகரத்துக்குத் தெற்கே பந்துலில் இருந்தது; நான்கு பெரிய மரத்தூண்கள்மேல் ஓட்டுக்கூரை, சுவர் கிடையாது, அவர்கள் பேச்சில் "பெண்டோப்போ". ஊர்க்கூட்டமும் கல்யாணமும் பாவைக்கூத்தும் அங்கேதான். அவருடைய தாயார் அந்த மண்டபத்தைப் பெருக்கித் துடைத்து, அதன் பின்னாலிருந்த அறையில், லாத்தாவின் ஏழு வயது மகள் ரினியோடு குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரினி அந்தத் தளத்தில் நடனம் பழகினாள். ரொட்டிமாவுத் தட்டில் விரலால் கோடிழுத்து லாத்தா அந்தக் கூரையை எனக்கு வரைந்து காட்டியிருக்கிறார். நடுவில் கூம்பாக உயர்ந்து, ஓரங்களில் தாழ்ந்து படரும் கூரை.

அந்த 2006 மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஜாவாவில் பூகம்பம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பங்களாக் குடும்பம் லாத்தாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தது. உம்மா அன்றைக்குப் பத்து முறையாவது அந்தப் பூட்டிய கதவை எட்டிப் பார்த்திருப்பார். மறுநாள் வாப்பா கடையிலிருந்து ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தது நான்தான். உள்பக்கத்தில் ஒரு படம்: கூம்புக்கூரை ஒன்று தூண்களை நசுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது, கீழே "பந்துல்" என்று இருந்தது. அது அவருடைய மண்டபம்தானா என்று தெரியாது. அங்கே எல்லாக் கூரையும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. "அவ வந்ததும் காட்டணும், பத்திரமா வை" என்றார் உம்மா. நான் அதை என் மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை மாலை வாத்தி லாத்தா ஓடிவந்தார். தலையில் துணியில்லை, காலில் செருப்பில்லை. கடற்கரையில் வேறொரு வீட்டு வேலைக்காரப் பெண் சொல்லித்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. மண்டபத்தை ஒட்டிய அலுவலகத் தொலைபேசியின் எண் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். மணியே போகவில்லை. மறுமுனையில் யாரும் இல்லையென்று தெரிந்தும், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு "இபு, இபு" என்று தன் தாயாரைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பேப்பரில் ஏதாவது வந்ததா, படம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

"மாஃபி" என்றேன். இல்லை என்று அர்த்தம்.

உம்மா வாப்பாவைத் தேடிக் கடைக்குப் போயிருந்தார். அந்தப் படத்தை லாத்தா பார்த்தால் என் கண்ணெதிரிலேயே செத்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. பங்களாவின் டிரைவர் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார். உம்மா திரும்பி வந்தபோது, படத்தைக் காட்டிவிட்டேன் என்று சொன்னேன். லாத்தா சொல்லாமல் ஓடிவந்த குற்றத்துக்காக மறுநாள் அந்தப் பின்கதவுக்கு வெளிப்பூட்டு விழுந்தது.

செவ்வாயும் புதனும் சந்தில் நின்றால், சமையலறைச் சன்னலின் மங்கிய புகைக்கண்ணாடிக்குப் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். சத்தம் சட்டென்று நிற்கும். பிறகு ஒரு கேவல். உம்மா தொழுகைப்பாயில் உட்கார்ந்து, "யா அல்லா, அந்தப் பொண்ணுக்கு ஒரு தாக்கல், ஒரு சேதியாவது கொண்டு வந்து சேரு" என்று அழுததை வியாழக்கிழமை கேட்டேன். எழுந்துபோய்ப் பத்திரிகையை எடுத்து உம்மாவின் மடியில் போட்டு, லாத்தாவிடம் இதைக் காட்டவேயில்லை என்றேன். அப்போதுதான் படத்துக்குக் கீழிருந்த செய்தியை முழுதாக வாசித்தேன். உறவினரைத் தேடுவோர் கூப்பிடலாம் என்று கடைசி வரியில் இந்தோனேசியத் தூதரகத்தின் எண் இருந்தது.

உம்மா என்னை அறைந்தார். பிறகு எண்ணை அழுத்தி ரிசீவரை என்னிடமே நீட்டினார். நான் ரினியின் பெயரும் ஊரும் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் அவர்களே கூப்பிட்டார்கள். வெள்ளைத்தூண் நாடகக் கொட்டகையில்தான் வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். அங்கே எழுதிவைத்த பட்டியலில் ரினி, ஏழு வயது, இருந்தாள். பெயருக்கு நேரே, பாட்டி இறந்துவிட்டார், கூட யாருமில்லை என்று எழுதியிருந்ததாம்.

உம்மா புர்காவைப் போட்டுக்கொண்டு, அதுவரை ஒருநாளும் மிதிக்காத அந்த பங்களாவின் முன்வாசலுக்குப் போய்க் கெஞ்சினார். வீட்டம்மா, "கலாஸ், ரூஹி" என்று, அதாவது போதும் போ என்று, கதவைச் சாத்திவிட்டார். உம்மா பின்சந்துக்கு ஓடினார். சந்தில் உரக்கப் பேசாதே என்று எங்களை ஆயிரம் முறை அதட்டியவர், தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"வாத்தீ! ரினி இருக்கா! ஒம் புள்ள உசுரோட இருக்கா!"

உள்ளே பாத்திரம் விழுந்தது. புகைக்கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் வந்து ஒட்டின. "ரினி இருக்கு?" என்றது அவர் குரல். "இருக்கு, இருக்கு!" என்றோம் நானும் உம்மாவும். பிறகு, "இபு இருக்கு?"

உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளங்கைகள் மெல்லக் கண்ணாடியிலிருந்து வழிந்து கீழே இறங்கின.

இரண்டு வாரத்தில் அவரை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக டிரைவர் சொன்னார். ஊருக்குப் போனாரா, வேறு வீட்டுக்குப் போனாரா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். வாப்பா பல முறை தூதரகத்துக்குப் பேசியும் பதில் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை நான் அந்தத் தாளை நீட்டியிருந்தால், கதவு பூட்டாமலிருந்த அன்றே, எங்கள் ரிசீவரைக் கையில் பிடித்தபடி தூதரகத்துக்குப் பேசித் தன் மொழியிலேயே அவர் தன் மகளைப் பற்றிக் கேட்டிருப்பார்; மகளின் குரலைக்கூடக் கேட்டிருப்பார். இதை நான் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன், எப்படி யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

இப்போது அந்த பங்களா இல்லை, எங்கள் கட்டடமும் இல்லை. இரண்டையும் இடித்து, அந்தப் பின்சந்தையும் சேர்த்து, ஒரு கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பந்துலில் பல மண்டபங்களைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இணையத்தில் படங்கள் வருகின்றன. கல்யாணப் படங்களையும் நடனப் படங்களையும் பெரிதாக்கி, இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவரையும் பார்க்கிறேன். ரினி எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது.