மேசையில் ஓடிய மாத்தளை ரயில்

எங்கள் வீட்டு முன்னறையில் பாதி இடத்தை ஒரு ரயில்பாதை பிடித்துக்கொண்டிருந்தது. கண்டியில் புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, வத்தேகம, உக்குவெல வழியாக மாத்தளையில் போய் நிற்கும் பாதை. நீளமான மேசைப் பலகைகளின் மேல் அதைக் கட்டியவள் நான்.

நான் தையல்காரி. கணவர் ரேடியோ திருத்துபவர். ஈயம் பற்றவைக்க அவரிடம்தான் கற்றேன். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்ற உடைந்த பொம்மை ரயிலிலிருந்து தண்டவாளமும் சக்கரங்களும் கிடைத்தன. பால்மா டின்னை வெட்டி, அந்தக் காலத்து நீராவி எஞ்சின் ஒன்று செய்தேன். அதற்குள் பழைய கெசட் ரெக்கோடரின் மோட்டர். பெட்டிகளின் ஜன்னல் ஓரங்களைக் கோழியிறகு முனையால் வரைந்தேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வீடுவீடாகச் சோதனை நடந்த காலம். ஒரு காலை ராணுவத்தார் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். மேசைக்கு அடியில் தொங்கிய வயர்களைக் கண்டதும் துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

“இது என்ன?” என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

“ரயில், மாத்தயா” என்றார் கணவர்.

“ஓட்டிக் காட்டு.”

தான் செய்ததல்ல, மனைவி செய்தது என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். “வா புள்ள. நீதான் ஓட்டணும்.”

குமிழைத் திருப்பினேன். எஞ்சின் ஒருமுறை குலுங்கி, நகர்ந்தது. பாலத்தில் ஏறியபோது ஒரு சிப்பாய் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். மாத்தளை மேடையில் அங்குலம் பிசகாமல் நிறுத்தினேன்.

“இன்னொரு தரம்” என்றார் அதிகாரி. அதன்பின் மூன்றாவது தரமும் ஓட்டச் சொன்னார்.

குனிந்திருந்த சிப்பாய் உக்குவெல பெயர்ப்பலகையைக் காட்டி, சிங்கள எழுத்து ஒன்று பிழை என்றான். தூரிகையை நீட்டினேன். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனே திருத்தினான்.

வாசலில் அதிகாரி நின்று, என்னைப் பார்த்து, “நல்ல வேலை” என்றார்.

அவர்கள் போன பிறகு கணவர் கேட்டார், “பயந்துட்டியா?”

“பயந்தேங்க. ஆனா பாத்தீங்களா, மூணு தரத்துல ஒரு தடவகூட தடம் பொரளல.”