நாலு மணி வாய்க்கால்

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. வீடு சின்னதாக இருந்தால் பரவாயில்லை, பஸ் வராவிட்டாலும் பரவாயில்லை. ஆறு, குளம், கிணறு, மூடாத தொட்டி என்று எதுவும் நடந்து போகும் தூரத்தில் இருக்கக் கூடாது. "அத மட்டும் பாத்துட்டு வாங்க. மத்ததெல்லாம் நான் சமாளிச்சிக்கிறேன்" என்றாள். எனக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் ஆகியிருந்தது. மே மாத நடுவில் வீடு பார்க்க நான் மட்டும் சென்னையிலிருந்து ரயில் ஏறினேன்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, வாய் ஓயாது. சின்னவளுக்கு ஐந்து வயது. அவளுக்கு ஆட்டிசம். பேசுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் தண்ணீர் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். சென்னையில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் நீச்சல் குளத்தில் ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகப் பார்த்தவர் தோட்டக்காரர். அவர் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்று என் மனைவி எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறாள். ஒருமுறைகூட அந்த வாக்கியத்தை முடித்ததில்லை.

எனக்கு வேறொரு நிபந்தனை இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. யாரும் கேள்வி கேட்காத தெரு எனக்கு வேண்டும். சென்னையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோயிருந்தேன். குழந்தை குதிக்கிற சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த புகாரைக் குடியிருப்போர் சங்கத்தில் வாசித்தார்கள், நான் கைகட்டி நின்று கேட்டேன். லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர் "இன்னும் பேச்சு வரலையா?" என்பார். இறங்குவதற்குள் ஒரு வைத்தியமும் சொல்லிவிடுவார். போதும் போதும் என்றாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் முதலில் பார்த்த வீடு நல்ல வீடுதான். பள்ளிக்கூடம் இரண்டு நிமிடம், பக்கத்திலேயே மருந்துக்கடை, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருந்தன. வீட்டுக்காரர் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்புவதற்குள் எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எந்தூரு உங்களுக்கு?"

"அம்பாசமுத்திரம். இப்போ சென்னைல இருந்து வாரோம்."

"எத்தன புள்ளைய?"

"ரெண்டு."

"ரெண்டாவது என்ன படிக்கி?"

"இன்னும் பள்ளிக்கூடத்துல போடல."

"எத்தன வயசு?"

"அஞ்சு."

"அஞ்சு வயசாச்சுங்கிய, இன்னுமா போடல? ஏன், புள்ளைக்கு என்ன?"

வீட்டை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. போன் பண்ணிச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் தரகர் ஊருக்குத் தெற்கே புதிதாக எழும்பியிருந்த ஒரு நகருக்குக் கூட்டிப்போனார். பதினான்கு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஆள் உயர மதில், இரும்பு கேட். தெருவில் ஒரு ஜீவன் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், போனிலேயே பேசி முடித்தார். பின்பக்கம் ஒரு சின்ன கேட் இருந்தது. திறந்து பார்த்தேன். சரிந்த கரைகளுக்கு நடுவே மணல் பரவிய பள்ளம் ஒன்று வளைந்து போனது. அதில் நாலைந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தெருவில் கால் வைக்காமலே பிள்ளைகள் விளையாட இடம் கிடைத்ததே என்று எனக்கு ஒரே பூரிப்பு. ஆறு எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்தேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

"தண்ணி?" என்று மனைவி போனில் கேட்டாள்.

"சொட்டுத் தண்ணி இல்ல" என்றேன்.

இதைச் சொன்னவன் அம்பாசமுத்திரத்தில் பிறந்தவன். ஏழு வயதில் வாய்க்காலில் நீச்சல் கற்றவன். கோடையில் அடைத்த வாய்க்காலைக் ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பதினேழு வயதில் ஊரைவிட்டுப் போனவன், இருபது வருடம் சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவன். அங்கே வற்றிய கால்வாய் என்றால் செத்த கால்வாய். கண் அப்படியே பழகிவிட்டது. கூட வந்த தரகரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரனிடம் போய் வாய்க்காலைப் பற்றி யார் சொல்வார்கள்?

மே கடைசி வாரத்தில் குடிவந்தோம். அந்த முதல் சில நாட்களைப் போல நான் நிம்மதியாக இருந்ததே இல்லை. சின்னவளுக்கு அந்த மணல் பிடித்துவிட்டது. புது இடம் என்றால் நாள்கணக்கில் தூங்காதவள், முதல் நாளே பள்ளத்தில் உட்கார்ந்து கூழாங்கற்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைக்க ஆரம்பித்தாள். தினமும் நாலு மணிக்குப் பால்காரர் தெருமுனையில் ஹாரன் அடிப்பார். அது கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்கேட்டின் அருகில் போய் நிற்பாள். ஜூனில்தான் வேலையில் சேர வேண்டும் என்பதால் நானே திறந்துவிடுவேன். ஒரு மணி நேரம் வரிசை வைப்பாள், பிறகு தானாகவே எழுந்து வந்துவிடுவாள். வீடு பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் பல்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி பல்பை எரியவிட்டுக் காட்டிக்கொண்டே, "புள்ளைய எல்லாம் வாய்க்காலுக்குள்ளயே கெடக்குல்லா சார்? ஒண்ணாந்தேதி அணையத் தொறக்காவளாம். பாத்துக்கிடுங்க" என்றார்.

"எந்த வாய்க்கால் அண்ணாச்சி?"

"உங்க வீட்டுக்குப் பின்னால கெடக்குல்லா, அதுதான். நீங்க அம்பாசமுத்திரம்னுல்லா சொன்னிய? அங்கன உள்ளவருக்குத் தெரியாதாக்கும்!" என்று சிரித்தார்.

பல்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்.

தண்ணீர் வருவதுகூடப் பெரிதில்லை. நாலு மணி ஆனால் அங்கே போக வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவன் நான். ஒரு வழக்கம் அவளுக்குள் போய்விட்டால் அதை வெளியே எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பள்ளத்தில் மணல் இருந்தாலும் போவாள், பத்தடித் தண்ணீர் இருந்தாலும் போவாள்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. பால்காரரைப் பிடித்து இனிமேல் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் அடிக்கவில்லை. சின்னவள் அன்றும் சரியாக நாலு மணிக்குக் கேட்டின் அருகில் நின்றாள். மறுநாள் அவளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்துப் பூட்டும் போட்டேன். கேட்டில் நெற்றியை முட்டி முட்டி ஒரு மணி நேரம் கத்தினாள். நெற்றி வீங்கிவிட்டது.

"எதுக்குப் பூட்டு?" என்றாள் மனைவி.

"நாய் வருது" என்றேன்.

அந்தப் பொய்யும் ஒருநாள்தான் தாங்கியது. அடுத்த நாள் மதியம் சாப்பிடும்போது பெரியவள், "அப்பா, வாய்க்கால்ல தண்ணி விடப் போறாங்களாம். நாங்க எங்க மேட்ச் ஆடுறது?" என்றாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொட்டுத் தண்ணி இல்லன்னு சொன்னீங்க."

"அப்போ இல்ல."

"இது உங்க ஊருதானே?"

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு வருகிற கோபத்துக்குக் குறைச்சலில்லை. அவள் திட்டவில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றேன். பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாயிற்று, சின்னவளுக்குப் பயிற்சி கொடுக்கப் பக்கத்திலேயே ஒருவர் கிடைத்திருக்கிறார், மறுபடி ஒரு புது இடத்தை அவள் தாங்க மாட்டாள் என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு, "தெருவுல யாருக்காவது இவளப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதற்காகத்தானே இந்தத் தெருவைப் பிடித்தேன் என்பதை அப்போதுதான் முதன்முறையாக அவளிடம் சொன்னேன்.

"அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒரு வீடு விடாம சொல்லிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் போனேன். பதினான்கில் எங்களுடையது போகப் பதின்மூன்று கேட். எந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக இந்த மதில்களுக்கு நடுவே வந்து ஒளிந்தேனோ அதையே பதின்மூன்று தடவை சொன்னேன். "எங்க சின்னப் புள்ளைக்கு ஆட்டிசம். பேசாது. கூப்பிட்டாத் திரும்பாது. வாய்க்கால் பக்கம் தனியாப் பாத்தா புடிச்சு நிறுத்திருங்க. அழுதாலும் விட்ராதீங்க." ஒருவர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் அது அம்மை மாதிரி ஒட்டுமா என்று கேட்டார். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருக்கிற ஒருவர், இதையெல்லாம் எழுதிக் கொடுங்களேன் என்றார்.

கடைசி வீடு வாய்க்கால் வளைகிற இடத்தில், வாய்க்காலுக்குள் இறங்கும் படிக்கட்டை ஒட்டி இருந்தது. எனக்கு மிக முக்கியமான வீடு அதுதான். அங்கே ஒரு பெண்மணி வத்தல் வறுத்துக்கொண்டிருந்தார். கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்தே முழுவதையும் கேட்டார். "சரி" என்றார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "மனுஷியா அது? கல்லு. புள்ளைக்கு ஆபத்துன்னு சொல்லுதேன், வத்தல் கருகுதுன்னு போகுது."

அணையைத் திறந்தார்கள். எங்கள் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்துசேரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் என்றார்கள், நாலு நாள் என்றார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்தது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு, நாம் நடக்கிற வேகத்தில், பைய மணலை நனைத்துக்கொண்டே வந்தது. அந்தத் தெருவில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் கரையில் நின்றார்கள். யாரோ ஒருவர் செவ்வந்திப் பூவை விட்டெறிந்தார். என் ஊர்த் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

சின்னவளின் இரண்டு கைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு காட்டினோம். அவளுடைய கற்கள் ஒவ்வொன்றாக முழுகின. அவள் கத்திய கத்தல் கரை முழுக்கக் கேட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்கு நாங்கள் இருவருமாக அவளைக் கரையில் உட்காரவைத்துக் கூட்டிவருவது என்று ஏற்பாடு. நான் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்றரைக்கே வந்துவிடுவேன். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் மனைவி பெரியவளைக் கூப்பிடப் பள்ளிக்குப் போயிருந்தாள். நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அலுவலகத்திலிருந்து போன். பின்கேட் பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரும்பினால் செருப்பைக் காணவில்லை. பின்கேட்டுக்கு ஓடினேன், பூட்டு பூட்டியபடி இருந்தது. வாசலுக்கு ஓடினேன். முன்கேட் திறந்து கிடந்தது. பின்வழி அடைத்தால் அவள் முன்வழியாகப் போய்த் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவாள் என்று இந்த மண்டைக்கு ஏறவே இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு கால் செருப்பு எங்கோ போய்விட்டது. தண்ணீரைப் பார்க்கப் பயந்துகொண்டு கரையை மட்டும் பார்த்தபடி ஓடினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவள் திரும்ப மாட்டாள் என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

வளைவில், படிக்கட்டின் மேல்படியில், அந்த வத்தல் வீட்டுப் பெண்மணி கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள். இரண்டு கைகளாலும் அவளை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். சின்னவளின் செருப்பு இரண்டும் நனைந்திருந்தன. அவளுடைய பல் அந்த அம்மாளின் முன்கையில் பதிந்திருந்தது. ரத்தம் வளையல் வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் கையை உதறவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

நான் பக்கத்தில் விழுந்து உட்கார்ந்தேன். சின்னவளை என் கைக்கு வாங்கி, இரண்டு கையாலும் பிடித்த பிறகுதான் அவர் பிடியை விட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அழுதாலும் விட்ராதீங்கன்னுதான் சொன்னிய" என்றார். "கடிக்கும்னு சொல்லலியே."

அன்று சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கொண்டுவந்து விட்டேன். அதன் பிறகு மறுபடியும் பதின்மூன்று வீட்டுக்கும் போனேன். கடிப்பாள் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.