மரத்துக்கும் பாடு போட்ட வருஷம்

எங்கள் குப்பத்தில் அப்போதெல்லாம் வாசலுக்கு வாசல் முருங்கைதான். கிளையை ஒடித்து மணலில் நட்டால் வந்துவிடும், குழம்புக்கும் ஆகும். ஒரு வீட்டைப் பார்த்து மறு வீடு வைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மழைக்கு அப்புறம் கம்பளிப்பூச்சி ஏறிற்று. ஒரு மரத்தில் ஏறினது ஒரே வாரத்தில் தெருவையே பிடித்தது. பாயை விரித்தால் பூச்சி, வலையை உதறினால் பூச்சி, பிள்ளைகள் உடம்பெல்லாம் தடிப்பு. கடைசியில் அத்தனை மரத்தையும் வெட்டிப் போட்டோம். பிறகு கிழிந்த வலையைப் பின்ன உட்காரத் தெருவில் ஒரு முழம் நிழல் இல்லை.

ஒன்றிய ஆபீசில் கன்று சும்மா தருகிறார்கள் என்று தெரிந்து, தை கழிந்ததும் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் எட்டாவது வரை போனவன் என்பதால் ஊர் நோட்டு என்னிடம்தான் இருக்கும். எழுந்து சொன்னேன்:

"மறுபடியும் ஒரே மரத்த வெச்சா மறுபடியும் ஒரே பூச்சி எல்லாத்தையும் தின்னுட்டுப் போவும். பக்கத்துப் பக்கத்து வீட்ல ஒரே மரம் கூடாது. எந்த மரமும் தெருவுக்கு அஞ்சுக்கு மேல கூடாது. இப்டி ஒரு சட்டம் போடுவோம்."

"யாருக்கு இன்னா மரம்னு யாருய்யா சொல்றது? எல்லாரும் தென்னைதான் கேப்பான்" என்றது ஒரு குரல்.

"பாடு போடுங்க" என்றார் நாட்டார். ஊர்த் தலைவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பாடு என்பது குப்பத்தை ஒட்டின ஏரியில் யார் எங்கே, என்றைக்கு வலை கட்டுவது என்று அம்மன் எதிரில் சீட்டு எடுக்கிற முறை. விழுந்த பாட்டை மாற்றக் கூடாது. மரத்துக்கு மட்டும், பக்கத்து வீட்டு மரமே வந்தால் திருப்பிப் போட்டு வேறு எடுக்க வேண்டும் என்று வைத்தோம். அதையும் நான்தான் எழுதினேன்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்கு முன்னால் எடுத்தார். கூடை சுமந்து திருப்பாலைவனம் வரை மீன் விற்கப் போகிறவர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவருக்கு வேம்பு. "கசப்புதான் நமக்கு" என்று சிரித்தார். அடுத்து நான். பிரித்தால், வேம்பு.

"சட்டம் போட்டவருக்கே மொதல் சட்டம்! போடு திருப்பி!" என்று கூட்டம் கத்தியது.

சீட்டை மடித்துப் பானையில் போட்டுவிட்டு வேறு எடுத்தேன். புங்கன். பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை.

"புங்கனும் நல்ல நிழல்தானே?"

"நெழலுக்கா அழுவறேன்?" என்றாள். "பாப்பாவுக்கு அம்மை போட்டு மூணு நாள் கண்ணத் தொறக்கல இல்ல? அப்போ வேண்டிக்கினேன். கொழந்த கண்ணத் தொறந்தா, நான் கோலம் போடற வாசல்ல ஒரு வேப்பங்கன்னு வெக்கறேன் தாயேன்னு."

"எங்கிட்ட சொல்லலையே?"

"வேண்டுதல முடிக்காம வெளிய சொல்லுவாங்களா? நீங்க மட்டும் சட்டம் எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னீங்களா?"

அம்மன் என் கையிலேயே கொடுத்தாள். நான்தான் திருப்பிப் போட்டேன்.

காலையில் நாட்டார் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"இன்னாய்யா, உன் சட்டத்துல நீயே ஓட்ட போட வந்தியா?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் குரல் தணிந்தது. "அம்மனுக்குத் தெரியும்யா உன் மனசு. ஆனா இன்னிக்கு மரத்துக்கு மாத்தினா நாளைக்கு ஏரிக்கும் மாத்துன்னு வருவான்."

அவர் சொன்னது நியாயம். திரும்பி வந்தபோது அக்கா என் வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்தார். மனைவி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஏரியில எங்க வூட்டுக்காரர் பாடு இன்னும் என் பேர்லதானே இருக்குது தம்பி? வலை இல்லாததால உன் வலைய கூட்டு சேத்து எறக்கறோம். பாடு மாறிடுச்சா?"

"இல்லக்கா."

"அப்போ மரமும் கூட்டுதான். குழி என் வாசல்ல. கன்னு உன் பொண்டாட்டி கையால."

மனைவி தலையாட்டினாள். "உங்க வாசலாச்சே அக்கா. நான் கோலம் போடற வாசல்னு வாய்விட்டு சொல்லிட்டேனே."

அக்கா கூடையிலிருந்த மீனைத் திருப்பித் திருப்பி அடுக்கினார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "அவுரு போனதுலேர்ந்து என் வாசல்ல கோலமே இல்ல. நீ வந்து போடு. அப்போ அது உன் வாசல்தானே?"

கன்று வந்த வெள்ளிக்கிழமை, என் மனைவி எங்கள் வாசலில் கோலம் போட்டாள். அதே மாவுக் கிண்ணத்தோடு போய் அக்கா வாசலையும் தெளித்துப் போட்டாள். மஞ்சள் துணி கட்டி வேம்பை நட்டாள். குழந்தை அவள் இடுப்பிலிருந்து எட்டி இலையைப் பறிக்கப் பார்த்தது. நான் இந்தப் பக்கம் புங்கனுக்கு மண் தள்ளினேன். அக்கா கதவோரம் நின்று கோலத்தையே பார்த்தார். அன்றைக்கு அவர் மீன் விற்கக் கிளம்பத் தாமதமாகிவிட்டது.

அந்த வழியாக வந்த நாட்டார் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாய்யா, பக்கத்துப் பக்கத்து வீட்ல ஒரே கோலம்? இதுக்குச் சட்டம் இல்லியா?"

மறுநாளிலிருந்து அக்கா வாசலுக்கு வேறு கோலம் போட ஆரம்பித்தாள் என் மனைவி.