கப்பலும் ஆஸ்பத்திரிதான்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் நான் தாதியாக வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன வருடம் ஒரு ரஷ்யப் பெண் உதவியாளராக வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டில் விரிப்பார், சாப்பாடு ஊட்டுவார். ஊசி போட மட்டும் அனுமதி இல்லை. விளாடிவொஸ்டொக்கில் பதினான்கு வருடம் சத்திரசிகிச்சைத் தாதியாக இருந்தவர். அதை இங்கே அங்கீகரிக்கும்படி அவர் போட்ட அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. சான்றிதழில் ஆஸ்பத்திரியின் பெயர் எங்கே? அதில் கடற்படைப் பிரிவின் இலக்கம் மட்டுமே இருந்தது.

"என்ர ஆஸ்பத்திரி ஒரு கப்பல்," என்று ஜெர்மனில் சொன்னார். "அதை எப்பிடி விளங்கப்படுத்துறது?"

அலுவலகக் கடிதம் என்றாலே எனக்குப் பதற்றம்தான். அகதியாக வந்த அம்மா அப்பாவின் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொன்னேன். அந்தப் பெண் கேட்காமலே இந்தக் காரியத்தையும் கையில் எடுத்தேன்.

இடைவேளைகளில் சாப்பிடாமல் கைபேசியில் தேடினேன். ஜப்பானோடு நடந்த போரில் ரஷ்யக் கடற்படையோடு போன வெள்ளை மருத்துவக் கப்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் கருங்கடலில் ஒன்றை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது, தாதியரும் இறந்தார்கள். அதை வாசித்தபோது அவருக்குக் காட்டுவதா வேண்டாமா என்று தடுமாறி, காட்டவில்லை. பிறகு சோவியத் காலத்தில் போலந்தில் கட்டிய பெரிய கப்பல்கள் வந்தன. அவருடையது அவற்றில் ஒன்று.

எல்லாவற்றையும் விளக்கக் கடிதமாக எழுதி, 'போரில் காயம்பட்டோரைப் பராமரித்தவர்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அவர் அதில் விரலை வைத்தார்.

"இதை எடு. நான் ஒரு போரையும் காணேல்லை. முக்கால்வாசி நாள் கப்பல் துறைமுகத்திலதான் கட்டிக் கிடந்தது. குடல்வால், குடலிறக்கம், மாலுமியளின்ர முறிஞ்ச கை. அவ்வளவுதான்."

"அப்பிடி எழுதினால் எடுபடாது."

"குடல்வாலுக்கும் அதே கத்திதான், அதே சுத்தம்தான். நடந்ததை எழுது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. உனக்காகத்தானே ஓடுகிறேன் என்று வாய்வரை வந்தது. வரியை அழித்துவிட்டு, அவர் சொன்ன சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான். வேலைக்கு வந்ததும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவரோ நிதானமாகப் போர்வை மடித்துக்கொண்டிருப்பார்.

"நீ ஏன் பிள்ளை இப்பிடி அந்தரப்படுறாய்?" என்றார் வீட்டில் அம்மா. "கடிதம் அவவுக்கெல்லோ வரும்?"

"ஓம் அம்மா. ஆனா சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு."

ஒரு வியாழக்கிழமை மதியம் அந்த ரஷ்யப் பெண் அலுவலகத்திலிருந்து வந்த பிரிக்காத உறையை என்னிடம் நீட்டினார். நடைபாதையில் நின்றே வாசித்தேன். கப்பலில் செய்த வேலை ஆஸ்பத்திரி வேலையாக ஏற்கப்பட்டது. ஆறு மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்க வேண்டும்.

"ஆறு மாதம்தானே," என்றார். அதற்குள் ஓர் அறையில் மணி அடித்தது, போய்விட்டார். நான் கதிரை தேடி உட்கார்ந்தேன். கடிதத்தை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.

இப்போது அவர் பயிற்சி முடிந்து பக்கத்து நகரத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருக்கிறார். எங்கள் வேலை நேரங்கள் ஒத்துவராததால் கைபேசியில்தான் எழுதிக்கொள்கிறோம். அவர் பதில் எழுத இரண்டு நாள் பிந்தினால், நான் மறுபடி எழுதிவிடுகிறேன்.