மலிவான கேஸைத் தேடி இரண்டு பாலங்கள்

பினாங்குக்குப் போனால் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றி எழுதுவார்கள். நான் அந்தச் சாப்பாட்டைச் சமைக்கும் கேஸைப் பற்றி எழுதவேண்டியதாகிவிட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லா விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். மறுநாள் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நூற்றிருபது சாப்பாடு. உதவிக்காக ஈப்போவிலிருந்து முதல் நாளே காரில் வந்திருந்தேன்.

வீட்டுக்கு விற்கும் மானிய கேஸ் வேறு. அக்கா வாங்குவது தொழிலுக்கான பதினான்கு கிலோ தோம்பு, அதாவது சிலிண்டர்; அதன் விலை கடைக்குக் கடை மாறும். முன்பு அறுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவளிடம் பக்கத்துக் கடையில் எழுபத்திரண்டு கேட்டார்கள். மூன்று தோம்பு வேண்டும்.

"பாகான் டாலாம்ல அறுபத்தஞ்சாம். போன்ல கேட்டுட்டேன். வா தம்பி, போய் எடுத்துட்டு வந்துரலாம்" என்றாள்.

காலை 8.40க்குக் காலித் தோம்புகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரைக்கு முதல் பாலம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர். நெரிசலில் ஒரு மணி நேரம் போனது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அது காலைல சொன்ன வெல லா. இப்ப புது லோரி சரக்கு வந்துருச்சு. எழுவது."

அக்கா திரும்பக் காரில் ஏறினாள். சுங்கை பாக்காப்பில் ஐம்பத்தெட்டுக்கு ஒருவர் விற்பதாக யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது அவளுக்கு. இன்னும் முப்பத்திரண்டு கிலோமீட்டர். எனக்கு இடுப்பு வலி. நிறைந்த தோம்புகளை ஏற்றினால் கண்ணாடியை இறக்கியே ஓட்டவேண்டும் என்று அவள் சொல்லியிருந்ததால், காலியாக இருக்கும்போதே ஏர்கோன் போடாமல் வெந்துகொண்டிருந்தோம். அந்தப் புத்தி ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

11.15க்கு அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். ஐம்பத்தெட்டு வெள்ளி உண்மைதான். ஒரு தோம்பைத் தூக்கிய அக்கா அப்படியே நின்றாள்.

"தம்பி, இது லேசா இருக்கு."

வெங்காயம் நிறுக்கும் தராசில் வைக்கச் சொன்னாள். கழுத்தில் பொறித்திருந்த காலித் தோம்பின் எடையைக் கழித்தால் உள்ளே பதினோரு கிலோதான். அடுத்ததும் அப்படியே.

"சப்ளை அப்படித்தான் வருது அக்கா, நான் என்ன பண்றது?" என்றார் கடைக்காரர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோவுக்கு ஜெலுத்தோங் விலையைவிட இது அதிகம். வெறுங்கையோடு இரண்டாவது பாலத்தில் ஏறினோம். கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. பார்க்கும் தெம்பு இருவருக்கும் இல்லை.

"விருந்து வைக்கிறவங்ககிட்ட விலை ஏறிருச்சுனு சொல்லியிருக்கலாமே அக்கா?"

அக்கா சொன்னாள்: "எப்டிடா கேக்கறது? வெல பேசி முடிச்சாச்சு. கேட்டா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க. அந்தப் பயந்தான்."

பாலம் முடிவதற்குள் அவளே போனை எடுத்தாள். நிச்சயதார்த்தப் பெண்ணின் அம்மா கோமதி டீச்சர். "டீச்சர், கேஸ் வெல ஏறிருச்சு. ஒரு சாப்பாட்டுக்கு முப்பது சென் கூட்டித் தர முடியுமா?"

"முப்பது சென்தானா? தந்துடறேன். உங்க போனப் பாத்ததும், நாளைக்குச் சமைக்க முடியலன்னு சொல்லப் போறீங்களோன்னு பயந்துட்டேன் லா!"

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றரை மணிக்குப் பக்கத்துக் கடையிலேயே எழுபத்திரண்டுக்கு மூன்று தோம்பு எடுத்தோம். மறுநாள் சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதேபோல் அலையப் போகிறவர்களுக்கு: தீவுக்குத் திரும்பும்போது டோல் ஏழு வெள்ளி, எங்களுக்குப் பெட்ரோல் பதினைந்து வெள்ளி. போனில் சொன்ன விலையை நம்பாதீர்கள். தோம்பை நிறுக்காமல் வாங்காதீர்கள். காரில் நிமிர்த்தியே வையுங்கள். எங்கள் கஷ்டம் தீர வேண்டியிருந்தது முப்பத்தாறு வெள்ளி. அதைக் கேட்க வாய் வராமல் நூறு கிலோமீட்டர் சுற்றினோம். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.